புசலும் பேர்ச்சும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நெல் வெட்டு தொடங்கிவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்கே அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். எழுபத்தொரு வயது. தான் நிற்காவிட்டால் வெட்டு மெசின்காரன் வரம்பை உழக்கிப்போடுவான் என்ற பயம் அவருக்கு.

நான் வீட்டில் கணக்கோடு இருக்கிறேன். எங்கள் இரும்பு அலுமாரியில் இரண்டு தலைமுறைக் கொப்பிகள் கிடக்கின்றன. அப்பப்பாவின் கொப்பியில் காணி எல்லாம் விதைப்பு அளவில்தான், எத்தனை புசல் விதைநெல் பிடிக்கும் என்று: ‘பத்துப் புசல் விதைப்பு’ என்றால் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். அப்பாவின் கொப்பியில் ஏக்கர், மூடை, உழவு மணித்தியாலம், உரம் எத்தனை அந்தர், யார் யார் கடன். மூன்றாவது தலைமுறைக்குக் கொப்பி கிடையாது. தம்பியின் கணக்கு மடிகணினியில், பேர்ச்சில் இருக்கிறது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். அப்பப்பா ஒரு புசல் விதைத்த இடம் தம்பியின் கண்ணுக்கு 80 பேர்ச்.

பெப்ரவரி 5, புதன்

அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்தது. கிலோவுக்கு நாடு ரக நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபாய். ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்கவேண்டும். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு, “பாதிப்பேர் வெட்டி வித்த பிறகு விலை சொல்லுறாங்கள்” என்றார். மெசினால் வெட்டி நேரே மூடை கட்டுகிற நெல்லில் 14 வீதம் எங்கே வரப்போகிறது? காயவைக்கக் களமும் வேண்டும், ஆளும் வேண்டும். அந்த இரண்டும் இல்லாததால்தான் வயல் வரம்பில் வைத்தே பச்சை நெல்லாகக் கொடுக்கிறோம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை மணிபோல கரண்ட் போனது. நாடு முழுக்கவே கரண்ட் இல்லையாம். பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்று பிறகு தெரிந்தது. மின்விசிறி நின்றதால் எல்லோரும் விறாந்தைக்கு வந்தோம். தம்பி நல்ல சந்தர்ப்பம் என்று காணி வரைபடத்தை விரித்தான்.

சாம்பல்தீவுப் பக்கம் உள்ள தென்னங்காணி. இரண்டு ஏக்கர், 320 பேர்ச். பாதை போக 18 துண்டு, ஒவ்வொன்றும் 15 பேர்ச். 150 சதுர மீட்டர், அதாவது ஆறு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைய வரைக்கும் பிரிக்கலாம், ஆனால் தோட்டம் வைக்கிற ஆட்கள் வாங்கட்டும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறானாம். (தோட்டத்தைத் துண்டாக்கி, தோட்டம் வைக்கிறவர்களுக்கு விற்பது. சொன்னேன், சிரிக்கவில்லை.)

அப்பா ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு நெல் ஆலை ஒன்று இருந்தது. 1990இல் ஊரை விட்டு ஓடியபோது அது போனது. திரும்பி வந்து டிராக்டர், உரக்கடை என்று அப்பா மீண்டும் தொடங்கினார். 2009இல் போர் முடிந்த பிறகு நிலாவெளிப் பக்கம் காணிக்கு ஆட்கள் வரத் தொடங்க, முதன்முதலாக 40 பேர்ச்சை விற்று டிராக்டர்க் கடனை அடைத்தார். ‘இது ஒருமுறைதான்’ என்று அன்றைய கொப்பியில் எழுதியிருக்கிறார். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது கடையில் விற்க ஒன்றும் இல்லை, அந்தப் பெரும்போகத்தில் (மாரிப் போகம்) வயலும் மஞ்சளித்துப்போனது. கடனுக்கு உரம் வாங்கிய யாரிடமும் அப்பாவால் காசு கேட்க முடியவில்லை. அடுத்த வருடம் அதே கடைக் கதவில் தம்பி ‘காணி வாங்க, விற்க’ என்று போர்டு மாட்டினான்.

“வயலையும் நிரப்பித் துண்டு போடலாமே” என்று அவனிடம் கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு மட்டும் அவன் தலையாட்டுவதில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. சட்டத்துக்குப் பயமா, அப்பாவுக்குப் பயமா என்று கேட்டால் சொல்லமாட்டான்.

பெப்ரவரி 17, திங்கள்

காணிப் பதிவகத்தில் அரை நாள். சாம்பல்தீவுக் காணியின் பழைய உறுதிப் பத்திரங்களைத் தேடி எடுத்தோம். அப்பப்பாவின் தாய்க்குச் சீதனமாக வந்தது ஏழு ஏக்கர். அவரிடமிருந்து ஒரு மகளுக்கு இரண்டு, மற்ற மகளுக்கு இரண்டரை. மிச்சம் இரண்டரை அப்பப்பாவுக்கு. அதில் அரை ஏக்கர் மாமியின் சீதனம். தம்பி காணியைக் கூறு போடுகிறான் என்று போன கிழமை அழுத மாமிதான்.

ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வேலி விழுந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மாமியிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சேவையர் (நில அளவையாளர்) வந்து எல்லைக்கல் போட்டார். மூலையில் நிற்கும் பெண்பனையைத் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும். தென்னைக்கு யாரும் கேட்கவில்லை. கடையில் தேங்காய் இருநூறைத் தாண்டி விற்கிற நேரத்தில் காய்க்கிற மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறோம். கிணற்றை மட்டும் விடச் சொன்னார் அப்பா. அது பாதையின் நடுவில் வருகிறது. பாதை இரண்டடி வளைந்தது. சேவையர் அழிறப்பரால் அழித்துத் திரும்பக் கோடு போட்டார். அப்பா இதுவரை அந்த வரைபடத்தில் செய்த ஒரே மாற்றம்.

அம்மா ஏழாம் துண்டைப் பார்த்து, “இதில மாரிக்குத் தவளை கத்தும்” என்றார். தம்பிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி அடுத்த கல்லுக்குப் போய்விட்டான்.

மார்ச் 13, வியாழன்

போயா (பௌர்ணமி) விடுமுறை. சுவிசில் இருக்கும் ஒருவருக்குத் தம்பி வீடியோவில் காணி காட்டினான். நான் அளவு நாடா பிடித்தேன். இப்போது நிலம் காய்ந்து, வெடித்து, அழகாக இருக்கிறது. “தண்ணி நிக்குமோ?” என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். “சொட்டுத் தண்ணி நிக்காது அண்ணா, மேட்டுக்காணி” என்றான் தம்பி, ஏழாம் துண்டுக்குள் நின்றுகொண்டு.

நானும் வாயைத் திறக்கவில்லை. கணக்கு எழுதுகிறவள்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் கடதாசிக் கப்பல் விட்டது நாங்கள் இரண்டு பேரும்தான்.

இரவு கேட்டேன். “அக்கா, மற்ற ஆக்கள் குளத்தையே விக்கிறாங்கள்” என்றான். அப்பா உள்ளே இருந்து இருமினார்.

மார்ச் 22, சனி

சுவிஸ்காரர் தன் மாமியாரை அனுப்பியிருந்தார். குடை பிடித்த ஒரு ஆச்சி, சேனையூர்ப் பக்கத்துக்காரர். தம்பி வரைபடத்தை நீட்ட, வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காணிக்குள் இறங்கினார். ஏழாம் துண்டில் நின்றார். குடை நுனியால் மண்ணைக் கிளறினார். காய்ந்த கோரைக்கிழங்கு வந்தது. பிறகு நத்தை ஓடுகள், மூன்று, நான்கு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்தவை. தென்னை அடியைத் தடவிப் பார்த்தார். சாணளவு உயரத்தில் சேறு படிந்த கோடு. நாற்பது வருடமாக அந்தக் காணியில் நடந்திருக்கிறேன், அந்தக் கோட்டைக் கண்டதில்லை.

“தம்பி, இஞ்ச மாரிக்கு எவ்வளவு நிக்கும்?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்குள் அப்பா, “கரண்டைக்கு மேல. பெரிய மழைக்கு முழங்கால். மேற்கால இருந்து வாற தண்ணி, ரெண்டு மூண்டு நாளில வடிஞ்சிடும்” என்றார். அவ்வளவு நீளமாக அவர் வியாபாரத்தில் பேசி நான் கேட்டதில்லை.

“நான் வேண்டாம் எண்டு சொல்லக் கேக்கேல்லை. எத்தனை டிப்பர் கிரவல் கொட்டவேணும் எண்டு பாக்கத்தான்” என்றார் ஆச்சி. பிறகு விலை பேசினார். பேர்ச்சுக்கு அவர் குறைத்த குறைப்பில் தம்பியின் முகம் கறுத்தது. மேற்கு வேலியோரம் ஒரு வாய்க்கால் வெட்டித் தரவேண்டும், அது உறுதியிலும் வரவேண்டும் என்றார். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. போகும்போது அப்பாவிடம், “கிணறு நல்ல தண்ணியோ, உவரோ?” என்று கேட்டார். நல்ல தண்ணீர் என்றதும் ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

மார்ச் 29, சனி

ஏழாம் துண்டுக்கு முற்பணம் வந்தது. வாய்க்கால் வெட்ட இன்று இரண்டு பேர் வந்தார்கள். தம்பி கயிறு பிடித்து நேராக்கினான், சரிவு போதாது என்று அப்பா இரண்டு இடத்தில் திரும்ப வெட்டவைத்தார். தண்ணீர் விட்டுப் பார்க்க வாளியும் அவரே கொண்டுவந்தார்.

சிறுபோகத்துக்கான (கோடைப் போகம்) கூட்டம் முடிந்துவிட்டது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் அப்பா விதைநெல்லுக்குச் சொல்லிவிட்டார், பி.ஜி. 300, மூன்று மாதப் பயிர். காசு முற்பணத்திலிருந்து. தம்பி அதைக் கடனாக எழுதச் சொல்கிறான், அப்பா செலவாக எழுதச் சொல்கிறார். அம்மாவைக் கேட்டேன். “விதைநெல் எண்டு எழுது, பிறகு பாப்பம்” என்றார். அப்படியே எழுதினேன், அப்பாவின் கொப்பியில். மடிகணினியில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.