வயாதோலித்: தீர்ப்பு வராத வழக்கு நடந்த இடம்

மாட்ரிட் சமார்ட்டின் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வயாதோலித். இறங்கி அரை மணி நேரம் நடந்தால் சான் கிரெகோரியோ கல்லூரி. இன்று அது தேசியச் சிற்ப அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை, மதியமும் கொஞ்ச நேரம் சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

நேரே உள்ளே போய்விடாமல் முகப்பைப் பாருங்கள். நீரூற்றிலிருந்து கிளைவிடும் மாதுளை மரம், அதில் தொற்றி விளையாடும் குழந்தைகள். வாசலின் இருபுறமும் கேடயத்தோடு, உடம்பெல்லாம் ரோமம் மண்டிய ஆட்கள். அமெரிக்கப் பழங்குடிகள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை, ஐரோப்பியக் கதைகளில் உலவும் காட்டு மனிதர்கள்தான். ஆனால் இந்த வாசலுக்கு உள்ளேதான் 1550 ஆகஸ்டில், அமெரிக்க மக்கள் காட்டுமிராண்டிகளா என்ற வழக்கு எழுந்தது.

அந்த ஏப்ரலில்தான் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அமெரிக்காவில் புதிய படையெடுப்புகளை நிறுத்திவைத்திருந்தார். முதலில் போரிட்டு அடக்கி, பிறகு மதம் போதிப்பது முறையா? இதுதான் அறிஞர் குழுவின் முன் இருந்த கேள்வி.

முறைதான் என்ற அறிஞர் செபுல்வேதாவும், கூடாது என்ற லாஸ் காசாஸும் நேருக்கு நேர் மோதியதாகச் சித்திரிப்பார்கள். ஆனால் இருவரும் தனித்தனியாகத்தான் அழைக்கப்பட்டார்கள். செபுல்வேதா மூன்று மணி நேரம் பேசினார். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் வாதமும் பழங்குடிகளிடம் இருந்த நரபலி வழக்கமும் அவருக்குக் கைகொடுத்தன. மெக்சிகோவின் சியாப்பாஸில் ஆயராக (பிஷப்) இருந்த லாஸ் காசாஸ் தன் கையெழுத்துப் பிரதியை ஐந்து நாள் வாசித்தார். கேட்டவர்களின் பொறுமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது! குழுவில் இருந்த இறையியலாளர் தோமிங்கோ தே சோத்தோ அத்தனையையும் சுருக்கித் தர, செபுல்வேதா 12 ஆட்சேபங்கள் எழுதினார். லாஸ் காசாஸ் பன்னிரண்டுக்கும் பதில் எழுதினார்.

அவர் பதில்களில் துணிச்சலானது நரபலி பற்றியது. தங்களிடம் உள்ளதிலேயே உயர்ந்ததான உயிரைக் கடவுளுக்குக் கொடுக்கிறார்கள். அது பிழைதான், ஆனால் பக்தியில் பிறந்த பிழை, அதற்காகப் போர் தொடுக்க முடியாது என்றார். அதே லாஸ் காசாஸ் முன்பு, பழங்குடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கலாம் என்று யோசனை சொன்னவர். பின்னாளில் அதற்காக வருந்தினார்.

1551இல் மறுபடி கூடியும் தீர்ப்பு வரவில்லை. இருவருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். போரை நியாயப்படுத்திய செபுல்வேதாவின் நூல் 1892 வரை அச்சேறவில்லை. ஆனால் பழங்குடிகளைக் குடியேறிகளின் பொறுப்பில் விட்டு வேலை வாங்கும் என்கொமியெந்தா முறை ஒழியவில்லை. 1573இல் வந்த அரச ஆணை, 'வெற்றிகொள்ளல்' என்ற சொல்லை விலக்கி 'அமைதிப்படுத்தல்' என்று எழுதச் சொன்னது.