கயாக் குழுவில் யார் முன்னே செல்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒன்றும் தொலைவில் இல்லை. ஆனாலும் என் வயதுப் பெண்களில் பலருக்கு அது, மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டுத் திரும்பும் இடமாக மட்டுமே இருந்தது. இன்று எங்கள் ஊர் ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து லுமுட், தெலுக் பாத்திக், பங்கோர் பக்கம் கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகைச் செலுத்துகிறோம். இந்தக் குழுவில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு, "பொம்பளைங்களுக்குக் கை பலம் பத்தாது" என்பது. இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை; அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் பெண்கள் பின்தங்குவதில் உடலின் பங்கு எவ்வளவு, படகின் பங்கு எவ்வளவு, குழுவின் பழக்கத்துக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்காததால், எல்லாப் பழியும் உடலின் மேலேயே விழுந்துவிடுகிறது.

சராசரிப் பெண்ணின் தோள், கை வலிமை சராசரி ஆணுடையதைவிடக் குறைவு என்பது உண்மை; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சரியாகத் துடுப்பு போடுபவர் கையால் இழுப்பதில்லை. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, அந்தத் திருப்பத்தின் விசையைத்தான் துடுப்புக்குக் கொடுக்கிறார். கடல் கயாக் நிதானமாக மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் நீரின் எதிர்ப்பு மிக வேகமாகக் கூடுவதால், பலசாலி எவ்வளவு முயன்றாலும் அவருடைய கூடுதல் பலத்தின் பெரும்பகுதி அலையைக் கிளப்புவதிலேயே செலவாகிவிடும். எதிர்க்காற்றிலும் அவசரத்திலும் அந்தப் பலம் கைகொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுவதும் சீராகப் போகும் பயணத்தில் அது நாம் நினைக்கும் அளவுக்குக் கணக்கில் வருவதில்லை.

படகைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்க்டிக் பகுதியில் கயாக் என்பது வேட்டைக்காரரின் உடலை அளந்து, அவருக்கென்றே செய்யப்பட்டது. கிரீன்லாந்தில் ஆண்கள் கயாக்கில் வேட்டைக்குப் போனபோது, குடும்பத்தையும் பொருட்களையும் சுமந்த உமியாக் என்னும் பெரிய தோல் படகைப் பெண்கள்தாம் வலித்தார்கள். ஆகவே கடல் பெண்களுக்கு அந்நியம் என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் இடமில்லை. இன்று தொழிற்சாலையில் வார்க்கப்படும் படகுகளில் பெரும்பாலானவை கனத்த ஆணின் உடலை மனத்தில் கொண்டவை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் அதில் அமர்ந்தால் படகு போதிய அளவு நீரில் அமிழாது. பக்கக் காற்று அதைத் தள்ளும், முனை காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், முழங்கால் மேல்தட்டின் அடிப்பக்கத்தைத் தொடாததால் படகை இடுப்பால் சாய்த்துத் திருப்பவும் முடியாது. அவர் ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் பாதியைத் திசையைச் சரிசெய்யவே செலவழிக்கிறார். அகலமான படகுக்கென்று வைத்திருக்கும் நீளமான துடுப்பையும் தடித்த பிடியையும் அவர் கையில் கொடுத்தால், சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு வலி எடுத்துவிடும்.

எங்கள் குழுவில் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரை எல்லோரும் தங்கச்சி என்றே அழைப்போம். அவருடைய படகில் இருக்கைக்குப் பின்னால் ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை நகராதபடி கட்டினோம். பழைய உறங்கு பாயின் ரப்பர் நுரையை வெட்டி இடுப்பின் இருபுறமும் செருகினோம். நீளமான துடுப்பை மாற்றி, 210 சென்டிமீட்டர் அளவுள்ள குட்டையான துடுப்பைக் கொடுத்தோம். அன்று காற்று குறைந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் படகு நேராகப் போனது. அவர் குழுவின் நடுவில் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய கை பலம் ஒரு நாளில் கூடியிருக்க முடியாது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரேயா ஹோஃப்மைஸ்டர் என்னும் பெண் 2009இல் ஆஸ்திரேலியாவைத் தனியாகக் கயாக்கில் சுற்றி வர 332 நாட்கள் எடுத்துக்கொண்டார். 1982இல் அதை முதலில் செய்து முடித்த பால் காஃபினுக்கு 360 நாட்கள் ஆயின. ஹோஃப்மைஸ்டர் கார்ப்பென்டேரியா வளைகுடாவை, படகிலேயே உறங்கி, நேராகக் கடந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆகவே இதை ஆண் பெண் பலப்பரீட்சையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட கடற்பயணத்தில் பாதையைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் பொறுமையும் எவ்வளவு எடை பெறுகின்றன என்பதையே இதில் காண்கிறேன்.

இனி, குழு. முன்னால் போகிறவர்கள் நின்று காத்திருப்பார்கள். கடைசியாக வருபவர் வந்து சேர்ந்ததும், "வாங்க, போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அடுத்த முறை அவர் இன்னும் பின்தங்குவார், மன்னிப்பும் கேட்பார். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில், தன் நிரையை முடித்தவர் பக்கத்து நிரைக்காரருக்குக் கைகொடுத்த வழக்கத்தை எங்கள் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலிலும் அதையே செய்கிறோம்: மெதுவாகச் செல்பவர் முன்னே சென்று வேகத்தை முடிவு செய்வார், பலமுள்ளவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். சில ஆண்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. இப்போது அவர்களே பின்னிடத்தைக் கேட்டு வாங்குகிறார்கள்.

வேகத்தைவிட ஆபத்தானது, யார் பேசுகிறார் என்பது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம் கரையை அடிக்கிறது; நாங்கள் படகை இறக்குவதும் அந்த நேரத்தில்தான். மேகம் திரள்வதைப் பெண்கள் பலமுறை முதலில் கவனிக்கிறார்கள், ஆனால், "அண்ணே, அங்க கொஞ்சம் கறுப்பா இருக்கில்ல?" என்று கேள்வியாகக் கேட்கிறார்கள். கேள்விக்குத் தலையசைத்துவிட்டு எல்லோரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கர் இயன் மெக்கமன், பழகிய இடம் என்ற துணிச்சல், அனுபவசாலியைக் கேள்வியின்றிப் பின்தொடர்வது, சுற்றியிருப்போரின் மதிப்பைப் பெறும் ஆசை ஆகியவை குழுக்களைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்வதைச் சுட்டிக்காட்டினார். கடலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அதனால், யார் "திரும்பலாம்" என்று சொன்னாலும் திரும்புவது, கரை சேரும் வரை காரணம் கேட்பதில்லை என்று விதி வைத்தோம். கணக்கர் வேலை பார்க்கும் அமைதியான ஓர் அக்கா ஒருநாள் அப்படிச் சொன்னார், திரும்பினோம். மேகம் தெற்கே விலகிப் போனது, காற்று வரவே இல்லை, நல்ல வெயில் அடித்தது. கரையில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பின்னர் குழுவின் மூத்த அண்ணன் ஒருவர், தாமும் தோள் வலியோடு இருந்ததாகவும், சொல்ல வாய் வராமல் இருந்ததாகவும் என்னிடம் சொன்னார். இந்த விதி பெண்களுக்காக மட்டும் தேவைப்படவில்லை.

பெண்கள் மட்டும் போகும் பயணங்களும் உண்டு. அங்கே படகைத் தூக்கவோ கவிழ்ந்தவரை மீட்கவோ வேறு யாரும் முந்திக்கொள்ளாததால், எல்லோரும் மீட்பு முறைகளை விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்: கவிழ்ந்த படகின் முனையைத் தன் படகின் மேல் இழுத்து நீரை வடிப்பது, கையால் ஏற முடியாதவர் குதிகாலை விளிம்பில் மாட்டிக் காலின் பலத்தால் ஏறுவது. ஆனால் மூத்த அக்காவின் பேச்சை இளையவர்கள் மறுக்கத் தயங்குவதை அங்கேயும் பார்த்தேன். ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவது இன்னொரு பிரச்சினை. நம் வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒதுங்கும் இடங்களைப் புறப்படும் முன்பே எல்லோர் முன்னிலையிலும் கூச்சமின்றி அறிவிக்கிறோம்.

குழு அடுத்து வாங்கும் படகு சிறிய உடலுக்கு ஏற்றதாக, குறுகிய, தாழ்ந்த மேல்தட்டு உள்ளதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பொதுப் பணத்தில் ஒரு சிலருக்கு மட்டும் பயன்படும் படகு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இதுவரை வாங்கிய படகுகள் அனைத்தும் ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்தின என்பதையும், மெலிந்த ஆண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் படகில் ஏறலாம் என்பதையும் அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன்.