பம்பிலியாவும் பம்பலப்பிட்டியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் எடுத்து, கலியாணமும் அங்கேயே முடித்த என்னை எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் இப்போது "பம்பலப்பிட்டி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் "பம்பலப்பிட்டி அங்கிள்". ஃபாதர் மட்டும் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அதற்கு முன்னால் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போவதை நான் கவனிக்காமல் இல்லை.

எல்லாம் 2024 மே 19 அன்று நடந்த கூத்து. அன்று பெந்தகோஸ்து ஞாயிறு.

எங்கள் கோவிலில் சாதாரண ஞாயிறுகளில் தமிழ், சிங்களம், இங்கிலிஷ் என்று மூன்று பூசை. அவரவர் நேரத்துக்கு வருவோம், வாசலில் ஆளையாள் பார்த்துச் சிரிப்போம், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை பிடிப்போம், போய்விடுவோம். வருடத்தில் சில நாள் மட்டும் மூன்றையும் ஒன்றாக்கி ஒரே பூசை. தூய ஆவி இறங்கி, சீடர்கள் பேசியதைக் கூடியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் மொழியில் கேட்ட நாள் என்பதால் பெந்தகோஸ்துக்கு இது பொருத்தம் என்பது ஃபாதரின் எண்ணம். எருசலேமில் அதை ஏற்பாடு செய்தவர் தூய ஆவியார். எங்கள் பங்கில் ஏற்பாடு செய்தது ஒரு குழு. வித்தியாசம் அங்கேதான் தொடங்கியது.

குழுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. போனவர்கள் சொல்லித்தான் தெரியும். எந்த மொழியில் எத்தனை பாட்டு என்பதில் மட்டும் ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கிறது. வருகைப் பாட்டு சிங்களத்தில் என்றால் காணிக்கைப் பாட்டு தமிழில், அப்படியென்றால் நற்கருணைக்கு இரண்டு பாட்டு இங்கிலிஷுக்கு வேண்டும், ஏனென்றால் முன்வருடம் தமிழுக்கு இரண்டு கிடைத்தது... முன்வருடக் கணக்கை ஒரு அன்ரி கொப்பியில் எழுதியே வைத்திருந்தாராம். கடைசியில் பாடகர் குழாம் அக்கா, நடுவில் ஒரு பாட்டை இலத்தீனில் வைப்போமா என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் புரியாத மொழி என்பதால் மூன்று தரப்பும் உடனே சம்மதம்.

கூட்டத்துக்குப் போகாதது என் தப்பு. எங்கள் பங்கில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது: வராதவன் தலையில்தான் வேலை விழும். 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் மண்டபத்துக்குப் பின்னால் விறகடுப்பு மூட்டி அக்கம்பக்கத்துச் சனத்துக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் நான் போகவில்லை. வின்சென்ட் டி போல் சபை அங்கிள் வீட்டுக்கே வந்து என் கையில் ஒரு பெரிய அகப்பையைத் தந்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கிண்டினேன். அந்த அகப்பை இன்னமும் எங்கள் வீட்டுச் சமையலறையில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இந்த முறை சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி வந்தது. வழமையாக வாசகம் வாசிக்கும் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். "தம்பி, முதலாம் வாசகம். சின்னதுதான்" என்றார் செயலாளர் அண்ணன்.

சின்னதுதான். ஆனால் அது திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம். கத்தோலிக்க உலகத்தில் வாசகம் வாசிப்பவர்கள் எல்லோரும் பயப்படும் இடம். எருசலேமில் கூடியிருந்தவர்களின் ஊர்ப் பட்டியல் அதில் வரும். பார்த்தர், மேதியர், எலாமியர் என்று தொடங்கி மெசப்பொத்தாமியா, யூதேயா, கப்பதோக்கியா, போந்து, ஆசியா, பிரிகியா, பம்பிலியா, எகிப்து, லிபியா என்று போய்க்கொண்டே இருக்கும். மூச்சு விட இடமில்லை.

அன்றிரவு வரவேற்பறையில் நடந்து நடந்து பழகினேன். அம்மா செபமாலையை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எங்க மகன் இருக்கு?" என்று கேட்டார். மகள் போனில் தேடினாள். கப்பதோக்கியா, போந்து, ஆசியா, பிரிகியா, பம்பிலியா ஐந்துமே இன்றைய துருக்கிக்குள்தானாம். ஆசியா என்றால் நம் ஆசியா இல்லை, உரோமைக்காரரின் ஒரு மாகாணம். கப்பதோக்கியாதான் பெரிய பெரிய பலூனில் ஆட்கள் பறக்கும் இடம் என்று படம் காட்டினாள். பம்பிலியா தெற்குக் கடற்கரை. "அப்ப பம்பிலியாவும் கடலோரம்தான்" என்றேன். அந்த நேரத்தில் அந்த "பம்பிலியாவும்" என்பதில் இருந்த "உம்"மை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் என் வேலை கடலோரப் பம்பலப்பிட்டியில். பதினொரு வருடமாகக் காலையில் புறக்கோட்டைக்குப் போய் நூறாம் நம்பர் பஸ் பிடிக்கிறேன். பஸ் புறப்படுவதற்கு முன் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கூவுவார்: "கொள்ளுப்பிட்டிய, பம்பலப்பிட்டிய, வெள்ளவத்த, தெஹிவல, கல்கிஸ்ஸ!" வாரத்தில் ஐந்து நாள் காதில் விழும் பட்டியல் இது. திருத்தூதர் பணிகளோ வருடத்துக்கு ஒருமுறை.

ஞாயிறு காலையில் எல்லோரும் சிவப்பு உடுப்பில் வந்திருந்தார்கள். பெந்தகோஸ்துக்கு நெருப்பின் நிறம். தெருவில் நின்று பார்த்தால் மே தினப் பேரணி ஒன்று பதினெட்டு நாள் பிந்திக் கிளம்பியதுபோல இருந்தது. அந்தக் கிழமைதான் பௌத்தர்களின் வெசாக். எதிர் ஒழுங்கைப் பெடியன்கள் மூங்கில் பிளந்து வெளிச்சக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண்டபத்து வயர் ரோல் அவர்களிடம்தான் இருந்தது. அதனால் காலையில் மைக் செட் பூட்டப் போனவர்கள் முதலில் அங்கே போய்த் தேநீர் குடித்துவிட்டு வயரை வாங்கி வந்தார்கள்.

வாசலில் இளைஞர் அணிப் பிள்ளைகள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த பழக்கம். குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோவில் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். அதைப் பற்றி இந்தப் பதிவில் எழுத மாட்டேன். அம்மாவின் பையில் கருவாட்டுப் பார்சல் ஒன்று இருந்தது. ஆறரை மணிக்கே சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். அதைப் பார்த்த பெடியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, இதை உள்ளே விட ஏலாது" என்றான் சிரித்தபடி. அம்மா, "சாமிக்குத் தெரியாததா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, வாசகத்துக்கு வருகிறேன்.

வாசக மேடையில் மூன்று மொழிப் புத்தகமும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. தமிழ்ப் புத்தகத்தை மேலே எடுத்து, சிவப்பு நாடா வைத்த பக்கத்தைத் திறந்தேன். அருகில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பும்போதெல்லாம் பக்கம் மெல்ல எழும்பும். கட்டை விரலால் அமர்த்துவேன், எடுப்பேன், அமர்த்துவேன். "பார்த்தரும் மேதியரும் எலாமியரும்" என்று தொடங்கியபோது குரல் நன்றாகவே இருந்தது. மெசப்பொத்தாமியா தாண்டியாயிற்று. கப்பதோக்கியா தாண்டியாயிற்று. பலூன்கூட ஞாபகம் வந்தது. இனிப் பயமில்லை என்று வேகமும் கொஞ்சம் கூடியது. அப்போது ஃபேன் திரும்பியது. பக்கம் எழும்பியது. கட்டை விரலை வைத்தேன். எடுத்துப் பார்த்திருக்கலாம்; எடுக்கவில்லை. விரலுக்கு வெளியே தெரிந்தது "பிரிகியா, பம்" மட்டும்தான்.

மிச்சத்தை நாக்கே முடித்து வைத்தது.

"பிரிகியா, பம்பலப்பிட்டிய..."

சொன்ன சொல்லைவிடச் சொன்ன ராகம்தான் மோசம். கடைசி "ய"வைக் கண்டக்டர் இழுப்பதுபோலவே இழுத்துவிட்டேன். மைக்கும் அன்று பார்த்து அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. "வெள்ளவத்த" நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைக் கடித்து விழுங்கியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

ஒரு கணம் கோவில் முழுக்கப் பேச்சுமூச்சில்லை. பிறகு பீடப்பணியாளர்களில் ஆகச் சின்னவன் ஒருவன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அவ்வளவுதான். பாடகர் குழாம் பக்கத்திலிருந்து யாரோ அடங்கிய குரலில், பஸ்ஸில் இறங்குகிறவர்கள்போல, "இறக்கம்!" என்றார்கள். பிறகு சிரிப்பைப் பிடித்து வைக்க யாராலும் முடியவில்லை. சிங்களக்காரர் சிரித்தார்கள், இங்கிலிஷ் பூசைக்காரர் சிரித்தார்கள். அதுவரை தமிழ் வாசகம் விளங்காமல் விசிறியால் வீசிக்கொண்டிருந்த அங்கிள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த வாசகம் முழுவதிலும் மூன்று மொழிக்காரருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிய சொல் அது ஒன்றுதான். ஃபாதர் தலையைக் குனிந்து செபிப்பதுபோல இருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

நான் "எகிப்து" என்று பிடித்துக்கொண்டு, லிபியா, உரோமை, கிரேத்தர், அரபியர் எல்லோரையும் கடந்து "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தேன். "இறைவா, உமக்கு நன்றி" என்று சனம் சொன்னது. அவ்வளவு உரத்து அந்தப் பதிலை எங்கள் கோவிலில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிரசங்கத்தில் ஃபாதர் என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. கோவாவில் பிறந்து கொங்கணி பேசி வளர்ந்த புனித யோசேப்பு வாஸ் 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்துத் தொண்டு செய்ததைச் சொன்னார். அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "அவருக்குத் தெரியாத ஒரு வழியை இன்று நம்முடைய சகோதரர் காட்டியிருக்கிறார். நூறாம் நம்பர் பஸ்ஸில் போனால் பம்பிலியா வரும்" என்றார். தமிழில் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அதையே சிங்களத்தில் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலிஷில் சொன்னார், மறுபடியும் சிரித்தார்கள். கொழும்புக் கோவிலில் இது ஒரு தொல்லை. மூன்று மொழியும் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஒரு பகிடிக்கு மூன்று முறை அடி வாங்க வேண்டும்.

பூசை முடிந்து மண்டபத்தில் பாற்சோறும் கட்டைச் சம்பலும், தாளித்த கடலை, ரோல்ஸ். பாட்டுக் கணக்கில் சண்டை பிடித்தவர்கள் ஒரே மேசையில் ஒருவர் தட்டில் ஒருவர் சம்பல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பி அன்ரி என்னிடம் வந்து, சிரிப்புக்குப் போன நேரத்தையும் சேர்த்தால் தமிழ் வாசகம்தான் கூட நேரம் எடுத்தது, அடுத்த வருடம் அதைக் கழிக்க வேண்டும் என்றார். பகிடி என்று நினைத்தேன். கையில் கொப்பி இருந்தது.

பம்பலப்பிட்டியிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட இடமும் பைபிளில வந்துட்டுது தம்பி" என்று நன்றி சொன்னார்.

அடுத்த பெந்தகோஸ்து 2025 ஜூன் 8. கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வாசகத்துக்குத் தொண்டை சரியான பழைய அக்காவையே போட்டார்கள். எனக்குக் கதிரை அடுக்கும் வேலை. நிம்மதி. பூசையில் அக்கா நிதானமாக வாசித்தார். மெசப்பொத்தாமியா, யூதேயா, கப்பதோக்கியா. எனக்கு முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்வது தெரிந்தது. விசிறிகள் நின்றன. "பிரிகியா" என்றார். சற்று நிறுத்தினார். கண்ணை உயர்த்தி நேராக என்னைப் பார்த்தார். "பம்பிலியா" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு எகிப்துக்குப் போனார்.

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டியது வாசக மேடை வரைக்கும் கேட்டிருக்கும்.