அவன் எந்த ஊர்க்காரன்?

தென்மாவட்ட நகரம் ஒன்றில் ஒரு தனியார் எஃப்எம்மில் ஆர்ஜேவாக இருந்தேன். சேர்ந்த புதிதில் காலையிலிருந்து இரவு வரை எல்லா நிகழ்ச்சியும் உள்ளூரிலேயே தயாரானது. சம்பளம் சுமார்தான். ஆனால் சலூனுக்குப் போனால் "நம்ம எஃப்எம் தம்பி" என்று காசு வாங்க மறுப்பார்கள். நிலையத்தின் முதலாளி யார் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பேசுகிறவன் எந்தக் கடையில் டீ குடிக்கிறான் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

2011-ல் வந்த மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்களை இணைத்து ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊரிலும் ஒலிபரப்ப வழிவிட்டது. சில வருடங்களில் எங்கள் மாலை நிகழ்ச்சி தலைமையகத்திலிருந்து வரத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. அலைவரிசையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அப்புறம் வருடாவருடம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். நாலு ஊருக்கு நாலு ஆர்ஜே எதற்கு என்று யாருக்கும் தோன்றும். உண்மையைச் சொன்னால், அங்கிருந்து வந்த நிகழ்ச்சி எங்களுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

ஒரு ஐப்பசி மாலை. மதியம் பிடித்த மழை விடவில்லை. ஸ்டூடியோவில் நானும் இன்ஜினியரும் மட்டும். ஸ்பீக்கரில் தலைமையகத்துப் பையன், இவ்வளவு அழகான சாயங்காலத்தை வீட்டிலேயே உட்கார்ந்து வீணாக்காதீர்கள், ஒரு வாக்கிங் போய் வாருங்கள் என்று குழைகிறான். போன் அடித்தது. டீக்கடை அண்ணாச்சி.

"தம்பி, பஸ் ஸ்டாண்டுல முட்டளவு தண்ணி நிக்கு. வாக்கிங் போவச் சொல்லுதான். அவன் எந்த ஊர்க்காரன்?"

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆனால் மழை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர் பற்றிய தகவல் சொல்லத் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. ஓடுகிற நிகழ்ச்சியை இடையில் வெட்ட மேலிடத்து அனுமதி வேண்டும். மேனேஜர் போன் செய்தார், மெயில் போட்டார். பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. ஓடுகிற ஒலியைக் குறைக்கும் ஃபேடர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. வீட்டுக் கடன் இருந்தது. மறுநாள் அந்தக் கடைக்கு டீ குடிக்கப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது; வேறு கடைக்குப் போனேன்.

அதற்காக, முதலாளி உள்ளூர்க்காரராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். திருச்சி வானொலி மத்திய அரசுடையது. 1960களில் அதன் பண்ணை ஒலிபரப்பு வழியாகப் பரவிய ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். பெட்டியில் கேட்டது வயலில் விளைந்ததால் ரேடியோவும் அவர்களுடையதாகிவிட்டது. தீர்மானம் டெல்லியிலிருந்து வந்தாலும், பேசியது அவர்கள் வயலைப் பற்றி.

வேலையை விட்ட பிறகு கடற்கரையோரச் சமுதாய வானொலி ஒன்றில் பயிற்சி கொடுக்கப் போனேன். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு இந்த வானொலிகளைத் திறந்துவிட்ட 2006-ம் ஆண்டு விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: நிலையத்தின் உரிமையும் நிர்வாகமும் அந்தச் சமூகத்தைப் பிரதிபலிக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாராக வேண்டும் என்றும் இருக்கிறது. 100 வாட் ஆற்றல்தான், சில கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல். பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கென்றே தொடங்கிய 'கடல் ஓசை' வானொலியும் இந்த வகைதான். பணத்துக்கு எப்போதும் இழுபறி. நான் போன நிலையத்தில் ஏசி ஓடாது. மைக்குக்கு மேல் ஃபேன் சத்தம் கேட்கும்.

அங்கே கடல் நிலவரம் வாசித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வானிலை மையத்து அறிவிப்பை வைத்துக்கொண்டு, "கச்சான் தூக்கி அடிக்கும், சின்ன வள்ளம் போக வேண்டாம்" என்று பதிவு செய்திருந்தாள். நான் நிறுத்தி, "தென்மேற்குத் திசையிலிருந்து பலத்த காற்று" என்று மாற்றி வாசிக்கச் சொன்னேன். அதுதானே முறை?

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சார், அப்படி வாசிச்சா எங்க அப்பாவே வலைய ஏத்திட்டுக் கெளம்பிருவாரு. யாருக்கோ சொல்றாங்கன்னு நெனச்சுக்குவாரு."

டீக்கடை அண்ணாச்சியின் குரல் காதில் கேட்டது. இந்த முறை கேள்வி என்னைப் பார்த்து. என் திருத்தத்தை அடித்துவிட்டு, அவள் வாசித்ததையே ஒலிபரப்புக்கு அனுப்பினேன். ஃபேன் சத்தத்தோடு.