திருகோணமலையில் ஊழியம் தொடங்க வந்தேன், ஓர் இனிஷியல் வழிமறித்தது

வதிவிட விசா பதிந்த கடவுச்சீட்டு ஒருவழியாகக் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நிம்மதியாக இருக்கிறது. ஆனால் பட்ட அலைச்சலின் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு மிஷனரியாக வந்தவன் நான். முதல் வாரங்களைப் பிள்ளைகளோடும் சபை மக்களோடும் கழித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பாதி, என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துக்காகக் கொழும்புக்கு அலைவதிலேயே போய்விட்டது. இனி வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு இந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விமானம், கட்டுநாயக்கா, கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவு ரயில் எல்லாம் சுகமாகவே நடந்தன. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பாதை பிரிகிறது. உங்கள் பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

விசா விஷயத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சுற்றுலா விசாவில் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று ஊரில் பலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது இங்கே விசா நிபந்தனையை மீறுவதாகும். சிக்கல் வந்தால் உங்களை ஏற்றுக்கொண்ட சபையும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் முறைப்படி நுழைவு விசாவில்தான் வந்தேன். அதன் காலம் முடிவதற்குள் வதிவிட விசா வாங்க வேண்டும். அதற்கு அழைத்த சபையின் கடிதம், அனுப்பிய சங்கத்தின் கடிதம், ஊர்ப் போலீசின் நன்னடத்தைச் சான்று, அரசுப் பரிந்துரை எல்லாம் வேண்டும். எல்லாமே என்னிடம் இருந்தன, அந்தப் பரிந்துரையைத் தவிர. அதை வாங்கப் போன இடத்தில்தான் தடங்கல்.

கொழும்பில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். காலையிலேயே போய் உட்கார்ந்து, மதியம் தாண்டித்தான் என் முறை வந்தது. எழுதுவினைஞர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்றைக் கடிதத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தார், என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு கடவுச்சீட்டைத் திறந்து அதே அடிமட்டத்தை அங்கே வைத்தார். அடுத்து போலீஸ் சான்று. மூன்றையும் அடுக்கி என் பக்கம் தள்ளினார். "இது மூன்று ஆள்."

நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் கடவுச்சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் அடுத்த கட்டத்தில் சேர்ந்தே இருக்கின்றன. அனுப்பிய சங்கத்தின் கடிதத்தில் அப்பா ஒரே ஒரு இனிஷியலாகச் சுருங்கிவிட்டார். போலீஸ் சான்றில் அதுவும் இல்லை, என் பெயர் மட்டும். கடவுச்சீட்டு எண் மூன்றிலும் ஒன்றுதான். படமும் ஒன்றுதான். அதைச் சுட்டிக்காட்டினேன். "எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்போம்" என்றார். சரி, என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "சரியாகக் கொண்டுவாருங்கள்" என்றார். எது சரி, யாரிடமிருந்து, எந்த வடிவில் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுப்பவர் காரணத்தை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதித் தந்திருந்தால் என் அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். அதனால் கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "என்ன குறை என்று இதில் எழுதித் தாருங்கள்." தமிழில் படிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த நாட்டில் தமிழும் அரசகரும மொழி. 1987-இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்திலேயே அது இருக்கிறது. நான் கேட்டபோது மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். கேட்காதவர்களுக்கு அது வெளியே வருவதில்லை.

அன்றிரவே பஸ்ஸில் திரும்பினேன். வெறுங்கையோடு போனவனைப் போதகர் வீட்டு அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, "முதலில் சாப்பிடுங்கள் தம்பி, விடிந்ததும் செயலாளர் ஐயாவைப் பார்ப்போம்" என்றார்.

அந்த வாரம் மூதூரைத் தாண்டிச் சம்பூர்ப் பக்கம் மாலை வகுப்பு தொடங்குவதாக ஏற்பாடு. விசா முடியும் வரை நான் கற்பிக்கக் கூடாது என்பதால் வகுப்பைத் தள்ளிவைத்தார்கள். ஆனாலும் ஊரைப் பார்க்க என்று போதகரோடு போனேன். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்படும் வரை மிதவையை நம்பித்தான் அந்தக் களப்பைக் கடந்தார்களாம். சம்பூர் மக்கள் 2006-இல் இடம்பெயர்ந்து ஏறக்குறைய பத்து வருடம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்துவிட்டு மீண்டவர்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை மாதத்துக்கு வந்திருக்கிறீர்கள் மகன்?" என்று கேட்டார். சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், சண்டை முடிந்த பிறகு வந்தார்கள், படம் எடுத்தார்கள், பிள்ளைகள் பழகிய நேரத்தில் போய்விட்டார்கள் என்றார். குரலில் குறையே இல்லை; நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நுழைவு விசாவில் எஞ்சியிருந்தது சில நாட்கள்தான். அடிமட்டம் வைத்துப் பார்த்த அந்த மனிதரின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது அந்தத் திண்ணையில்தான். அவர் தள்ளிவிட்ட தாள்கள் என்னுடையவை மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளின் வகுப்பும் அவற்றோடு சேர்ந்து திரும்பி வந்திருந்தது.

காரியத்தை முடித்துத் தந்தவர் சபைச் செயலாளர். ஓய்வுபெற்ற கச்சேரி (மாவட்டச் செயலக) உத்தியோகத்தர், சிங்களம் சரளமாகப் பேசுவார். தாள்களைப் பார்த்ததும், "சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிப்போம்" என்றார். நம் ஊரில் அஃபிடவிட் என்பதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். மூன்று தாளிலும் பெயர் எப்படி எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து குறித்து, மூன்றும் இந்தக் கடவுச்சீட்டு எண்ணுக்குரிய ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்கினோம். கூடவே சங்கத்தைத் தொலைபேசியில் பிடித்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதிப் புதுக் கடிதம் அனுப்பச் சொன்னோம். அவர்களோ, பழைய கடிதத்தையே மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். மீண்டும் பேசி, எழுத்துக் கூட்டிச் சொல்லி, ஒருவழியாகச் சரியானது வந்தது.

அடுத்த முறை செயலாளர் ஐயாவும் கூட வந்தார். வேறொரு மேசை, ஒரு சிங்களப் பெண் உத்தியோகத்தர். சத்தியக் கடதாசியை முழுவதும் படித்தார். நிதானமான தமிழில் என் அப்பாவின் பெயரைக் கேட்டார், நான் சொன்னதும் பென்சிலால் ஒரு சரி போட்டார். பரிந்துரை அன்றைக்கே கிடைத்தது. அதற்குப் பிறகு விசா அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை: கொடுத்தேன், பணம் கட்டினேன், வாங்கினேன்.

கொழும்பிலிருந்து திரும்பும்போது செயலாளர் ஐயா ஒரு செய்தி சொன்னார், வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. 1900-ஐ ஒட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தக் காசில் தமிழ்நாட்டின் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902-இல் யாழ்ப்பாணம் வந்த நம் திருநெல்வேலி ஊழியர் வி. எஸ். அசரியா அதைக் கண்டுதான் நெருப்புப் பற்றித் திரும்பினார். அடுத்த வருடம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. சங்கத்தின் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எனக்கு யாழ்ப்பாணத்தின் பங்கை யாரும் சொன்னதில்லை. இங்கே வருகிறவர்கள் கொடுக்க வந்தவர்களாக நடந்துகொள்ள வேண்டாம். நாம் கடன்பட்டவர்கள்.

வருகிறவர்கள் செய்ய வேண்டியது: புறப்படும் முன் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, கடவுச்சீட்டின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "சகோ." என்ற அடைமொழிகூட அதிகாரப்பூர்வக் கடிதத்தில் வேண்டாம். அப்பாவின் பெயரை எங்கேயும் சுருக்க விடாதீர்கள். புறப்படும் நாளைக் குறிக்கும் முன் இலங்கை நாட்காட்டியைப் பாருங்கள்; ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அலுவலகங்கள் திறக்காது. சிங்களம் தெரிந்த மூத்தவர் ஒருவரை முதல் நாளே கூட அழைத்துப் போங்கள்.

எனக்குக் கிடைத்திருப்பது ஒரு வருடம். சம்பூரில் வகுப்பு தொடங்கிவிட்டது. பாட்டியிடம் விசா முடியும் தேதியைச் சொன்னேன். "அதற்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்" என்றார். சத்தியக் கடதாசியின் பிரதிகளை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.