பில்லில் எழுதிய ‘ஆன்டிக்’

மணிலாவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பினேன். அங்கே ஆசை ஆசையாகச் சேர்த்த பித்தளை, செம்புக் குத்துவாள்களில் இரண்டு இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. இந்த இரண்டையும் வெளியே கொண்டுவர பல தடவை அலைந்தேன். அதில் பாதிக்குமேல் நானே வற்புறுத்திக் கேட்டு வாங்கிய பில்லால் வந்தது. அந்த எரிச்சல் ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

குனோங், பாரோங், கிரிஸ் என்று பிலிப்பைன்ஸ் கத்திகளைச் சேர்ப்பவர்களுக்கு அவற்றின் எஃகு அலகு பழக்கமானது. பித்தளை, செம்பு அலகு வேறு சமாச்சாரம். செம்பில் கூர் நிற்காது, சண்டைக்கு உதவாது. நான் பார்த்தவரை இவை இரண்டு வகை. ஒன்று தாயத்துக் கத்தி. அலகு நிறைய லத்தீன்போல ஒலிக்கும் மந்திரச் சொற்கள், சிலுவை, முக்கோணத்துக்குள் ஒரு கண். அன்டிங்-அன்டிங் என்கிற தாயத்து நம்பிக்கையின் ஒரு கிளை இது. 1896-இல் ஸ்பெயினை எதிர்த்து எழுந்தவர்களில் பலரும், அதற்குப்பின் சமார், லெய்த்தே தீவுகளின் மலைகளில் அமெரிக்கப் படையோடு மோதிய புலஹான் கிளர்ச்சியாளர்களும் குண்டு துளைக்காது என்று நம்பித் தாயத்து அணிந்தவர்கள். இன்றைக்கும் மணிலாவின் கியாப்போ தேவாலயத்தைச் சுற்றிய நடைபாதைக் கடைகளில் புதுத் தாயத்துகள் குவிந்து கிடக்கும். இன்னொரு வகை தெற்கே மின்டனாவோவின் வார்ப்பு வேலை. அங்கே லனாவோ தெல் சூர் மாகாணத்துத் துகாயா ஊர் பித்தளைக்குப் பேர்போனது. சுவாமிமலையில் செய்வதுபோல மெழுகில் உருச்செய்து வார்ப்பார்கள். பயணிகளுக்காகச் செய்த நெளிவு அலகுக் குத்துவாள்களும் சந்தையில் நிறைய உண்டு. எதைக் கேட்டாலும் கடைக்காரர் சொல்வது ‘நூறு வருஷப் பழசு’தான்.

மணிலாவின் எர்மிட்டா பக்கம் ஒரு கடையில் நான்கு கத்தி வாங்கினேன். நான்காவதை வீட்டில் காந்தத்தின் அருகே கொண்டுபோனதும் பச்சக்கென்று ஒட்டியது. இரும்பின்மேல் பித்தளை முலாம்! பித்தளையிலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். எனக்கு 4,500 பேசோ போயிற்று, திருப்பித் தரவில்லை.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. மீதியில் ஒரு பித்தளைக் குனோங்கின் அலகு கறுத்துக் கிடந்தது. நம் வீட்டில் குத்துவிளக்கு கறுத்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. செதுக்குக் கோடுகளின் இடுக்கில் பல வருடமாகப் படிந்திருந்த கருமையும் களிம்பும் சுத்தமாகப் போய்விட்டன. அந்தக் கருமைதான் பொருளின் வயதுக்குச் சாட்சி. இனி யார் பார்த்தாலும் அது நேற்று வார்த்ததுபோல இருக்கும். நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. மெல்லிய துணியால் தூசி துடைப்பதோடு நிறுத்துங்கள். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம்.

இனி பில் கதை. வாங்கும்போது, விலைக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று ‘ஆன்டிக்’ என எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரம்மா சந்தோஷமாக ஒவ்வொரு வரியிலும் ‘19-ஆம் நூற்றாண்டு’ என்றும் சேர்த்துவிட்டார். கூரியர் அலுவலகத்தில் அதை நீட்டியதும் கவுன்டர் பையன் பெட்டியை என் பக்கமே தள்ளினான். “பழம்பொருள் என்றால் அனுமதிக் காகிதம் வேண்டும் சார். இல்லையென்றால் லெட்டர் ஓப்பனர் என்று எழுதிவிடுங்கள், போய்விடும்.” நான் மறுத்துவிட்டேன். அப்படி எழுதி வழியில் பெட்டியைத் திறந்தால் பொய்க்கணக்கு என்று பொருளே பறிபோகும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பிலிப்பைன்ஸின் பண்பாட்டு மரபுச் சட்டமான குடியரசுச் சட்டம் 10066-இன்படி மரபுவழி இனக்குழுப் பொருள்கள் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவே முதலில் கருதப்படும். அப்படி இல்லை என்று தேசிய அருங்காட்சியகம் சான்று தரவேண்டும். நான் போனதோ புனித வாரத்துப் புதன் பிற்பகல். மறுநாளிலிருந்து ஊரே மூடிக்கிடக்கும் என்று நான்கு வருடம் அங்கே இருந்தும் மறந்துவிட்டேன். ஈஸ்டர் கழித்துப் போனபோது பில்லில் உள்ள வயதும் பொருளும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். நியாயம்தானே? கடைக்காரம்மா பில்லை மாற்றமாட்டேன் என்றார். மாற்றினால் பொய் சொல்லி விற்றதாக ஆகுமாம். இரண்டு தடவை போய் நின்றபிறகு, வயதைப் பற்றி எதுவும் எழுதாமல் ‘பித்தளைக் கத்தி, நீளம், எடை’ என்று மட்டும் புது பில் கிடைத்தது. அதை வாங்கி வெளியே வந்தபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அருங்காட்சியகத்தில் பொருளையே நேரில் வைத்துப் பார்த்தார்கள், இரண்டுக்குச் சான்று வந்தது. பிடி என்ன பொருள் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எருமைக்கொம்பு பரவாயில்லை. யானைத் தந்தம், கடற்பசுவின் பல், ஆமையோடு என்றால் தொடவே வேண்டாம். இந்தியப் பக்கம் படைக்கலச் சட்டத்தில் அலகுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. என்னுடையவை அதற்குள் அடங்கின. செக்-இன் பெட்டியில் பில், சான்று இரண்டின் நகலையும் கத்தியோடு சேர்த்தே வைத்தேன்.

சான்று கிடைக்காதது மூன்றாவது, செம்புத் தாயத்துக் கத்தி. விரல்கள் பட்டுப் பட்டு எழுத்துகளின் முனை மழுங்கியிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு இதற்கு முறையான ஏற்றுமதி அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றார். விண்ணப்பத்திலிருந்து நானே அதை எடுத்துவிட்டேன். அந்த மண்ணைவிட்டு அதைக் கிளப்ப மனம் வரவில்லை. லெய்த்தேக்காரரான என் சக ஊழியரிடம் கொடுத்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா வீட்டுப் பீடத்தில் சாந்தோ நீன்யோ என்கிற குழந்தை இயேசு சிலைக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார். தேய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என உடனே பதில் போட்டேன்.