ரொட்டிக் காவல்காரன்

நேத்து துவாதசி. முந்தின நாள் ஏகாதசிக்கு அம்மா தண்ணியத் தவிர எதுவும் தொடல, காலைல பாரணைக்கு அகத்திக்கீரை நெல்லிக்காய் எல்லாம் ரெடி. எங்களுக்குத்தான் வழியில்ல, அடிக்கிற வெயில்ல இட்லி மாவு பொங்கி புளிச்சு பாத்திரத்த விட்டே வெளிய வந்துருச்சு. பெரியவங்களுக்கு சப்பாத்தி, பாப்பாவுக்கு பிரெட்டுன்னு முடிவாச்சு. வீட்டம்மா பிரெட்ட தோசைக்கல்லுல வாட்டி, ஆறட்டும்னு ஜன்னல் திண்டுல தட்ட வெச்சுட்டு "ஏங்க, காக்கா வரும், பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு மாவு பெசைய உள்ள போயிட்டா.

பாப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஹோம்வொர்க் நோட்ட நீட்டுது. டிக்டேஷன்ல பிரேக்ஃபாஸ்ட்டுக்கு ஏ போடாம விட்டுருக்கு, மிஸ் பத்து தடவ எழுதச் சொல்லிட்டாங்க. "பிரெக்ஃபஸ்ட்னுதானப்பா மிஸ்ஸே சொல்றாங்க, அப்பறம் ஏ எதுக்கு?"

சும்மா எழுதுடின்னு சொல்லிருக்கலாம். நமக்குத்தான் வார்த்தைக்கு வேர் தேடுற கிறுக்கு ஆச்சே.

அது பிரேக்கும் ஃபாஸ்ட்டும் சேந்தது, ஃபாஸ்ட்னா இங்க வேகம் இல்ல, விரதம், ராத்திரி பூரா சாப்பிடாம இருந்துட்டு காலைல அத முறிக்கிறோம்ல, அதான், ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிட்டா முன்னாடி இருக்குறது குறுகிப் போயிடும், கிறைஸ்ட்டு கிறிஸ்மஸ்ல குறுகிடுச்சு பாரு, ஆனா ஸ்பெல்லிங் மட்டும் பழசாவே நின்னுடுச்சுன்னு மூச்சு விடாம சொன்னேன்.

அம்மா கீரைய கிளறிக்கிட்டே, "பாரணைன்னு சொல்லேன்டா. அப்ப வெள்ளக்காரன் தெனமும் ஏகாதசி இருக்கானா?"

டின்னரும் அதேதாம்மான்னேன். பழைய பிரெஞ்சு வழியா வந்தது, லத்தீன்ல விரதத்த முறிக்கிறதுன்னுதான் அர்த்தம், அன்னைக்கு மொத சாப்பாடா இருந்தது, அப்பறம் மத்தியானத்துக்கு தள்ளி, கடைசில ராத்திரிக்குப் போயிடுச்சு. "ஒரு நாளைக்கு ரெண்டு பாரணையா, நல்ல விரதம்"னு அம்மா அடுப்ப அணைச்சாங்க.

பாப்பாவுக்கு இப்ப புது சந்தேகம். பிரேக், பிரெட் ரெண்டுக்கும் மொத நாலு எழுத்து ஒண்ணுதான, சொந்தமா? பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா அறிஞர்களே ரெண்டு கட்சி. பழைய இங்கிலீஷ்ல பிரெட்டுன்னா துண்டு, துணுக்குங்குற அர்த்தம் இருந்துச்சு, அதனால அங்கருந்து வந்ததுன்னு ஒரு கட்சி, மாவு நொதிச்சுப் பொங்குறதுல வந்ததுன்னு இன்னொரு கட்சி (எங்க வீட்டு மாவப் பாத்துருந்தா இவங்கதான் ஜெயிச்சுருப்பாங்க). ரொட்டிக்கு அப்ப இருந்த நிஜ பேரு 'ஹ்லாஃப்', இன்னைக்கு லோஃப். 1200 வாக்குல பிரெட்டு வந்து அந்த எடத்த புடிச்சுக்கிச்சு.

இதோட நிறுத்திருக்கணும். லார்டுங்குற வார்த்தையே 'ஹ்லாஃப்வெயார்ட்', அதாவது ரொட்டிக் காவல்காரன், லேடின்னா ரொட்டிக்கு மாவு பெசையுறவன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

உள்ள மாவு அடிக்கிற சத்தம் நின்னுச்சு. முழங்கை வரைக்கும் மாவோட எட்டிப் பாத்தா. "காலைலருந்து பெசையுறேன், நான் லேடி, சரி. லார்டு எத காவல் காத்தாரு?"

திரும்பிப் பாத்தேன். தட்டுல மூணு இருந்த எடத்துல ரெண்டு. எதுத்த வீட்டு தண்ணி டேங்க் மேல காக்கா, வாட்டின துண்ட கால்ல அமுக்கிப் புடிச்சு நடுவுலருந்து கொத்திக்கிட்டு இருக்கு, கருகின ஓரத்த மட்டும் ஒதுக்கி விட்டுருக்கு, அவ்ளோ நாகரிகம். ஹுஷ்ஷுன்னு கைய வீசினேன், தலைய சாச்சு ஒரு பார்வ பாத்துட்டு மறுபடி கொத்துது.

"விடுடா, அதுக்கும் பாரணை ஆச்சு"ன்னு அம்மா நெல்லிக்காய வாயில போட்டுக்கிட்டாங்க.

பாப்பா மட்டும் சீரியஸா கேட்டுச்சு, "அப்பா, காக்கா எடுத்துட்டுப் போனது லோஃபா, பிரெட்டா?"

துண்டுதான எடுத்துச்சு, அப்ப பிரெட்டுதான்னேன். "ஏங்க, பாடம் எடுக்குற நேரத்துல வந்து சப்பாத்திய திருப்பிப் போடுங்க லார்டு"ன்னு உள்ளருந்து குரல் வந்துச்சு. போனேன். நோட்ட அப்பறம் பாத்தா ஏழு தடவதான் எழுதிருக்கு, அதுலயும் மூணுல ஏ இல்ல.